கடிதத்தில் இடம்பெறாத சமையல்காரர்

1787 டிசம்பர் 20 அன்று தாமஸ் ஜெபர்சன் பாரிசிலிருந்து நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்காவின் புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா, மறுப்பதா என்று மாநிலங்கள் விவாதித்துக்கொண்டிருந்த நேரம். அதில் உரிமைகளின் பட்டியல் இல்லை என்பதே ஜெபர்சனின் முதல் குறை. மதச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை ஆகியவற்றை வலியுறுத்தினார். 1791இல் அவை சட்டத்தில் ஏறின.

அதே சட்டம் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணியது. தப்பியோடிய அடிமையைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. இதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காக ஜெபர்சன் 1784இல் அழைத்துவந்த அடிமை ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அப்போது அவருடைய பாரிஸ் வீட்டில்தான் இருந்தார். ஹெமிங்ஸுக்கு விடுதலை 1796இல். நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது 1865இல்.

அரசியலில் சமத்துவம், சமூகத்தில் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டை 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையிலேயே அறிவித்தார் அண்ணல் அம்பேத்கர். தன் நாட்டின் முரண்பாட்டை ஜெபர்சன் நண்பருக்கு எழுதிய தனிக் கடிதத்தில்கூடச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர் அவைக்குள் இருந்தாக வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.