ஆசிரியர் விட்டுச்சென்ற வினா

பதுளைக்கு அருகே ஓங்கிநிற்கும் நமுனுகுல மலைச்சாரலில், பனி விலகிக் கதிரவன் எழும் வேளையில், தேயிலைச் செடிகள் தம் தொழிலைத் தொடங்குகின்றன. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு, ஒளியின் வலியால் அவை உணவு ஆக்குகின்றன. ஒளித்தொகுப்பு எனப்படும் இச்செயலை ஆராய்வதற்கே வாழ்நாளை அளித்தவர், கோவிந்தஜீ என்னும் இந்திய உயிர்ப்பௌதிகவியல் அறிஞர்.

1932 ஆம் ஆண்டில் அலகாபாத்தில் பிறந்த அவர், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று, 1956 இல் அமெரிக்காவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் றொபேட் எமேசன்.

எமேசனின் சிந்தையில் ஒரு புதிர் நெடுங்காலம் இருந்துவந்தது. 680 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளமுடைய செவ்வொளியைப் பச்சையம் உறிஞ்சியபோதும், ஒளித்தொகுப்பின் திறன் பெரிதும் குறைந்தது. இதனை அவரும் லூயிசும் 1943 இல் அறிவித்தனர். 1957 இல் மற்றொரு புதுமை வெளிப்பட்டது. அச்செவ்வொளியுடன் குறுகிய அலைநீள ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சியபோது, இரண்டும் தனித்தனியே தந்த பயன்களின் கூட்டுத்தொகையிலும் மிகுதியான பயன் விளைந்தது. அவ்வாறாயின், ஒளியை ஏற்கும் தொகுதிகள் இரண்டு உளவோ? அவற்றுள் ஒன்றில் ஒளியை ஏற்பவை துணை நிறப்பொருள்களே என எமேசன் எண்ணினார். விடை முழுமை பெறுமுன், 1959 பெப்ரவரியில் விமான விபத்தொன்றில் அவர் உயிர்நீத்தார்.

ஆசிரியரை இழந்த மாணவர் ஆய்வைக் கைவிடவில்லை. யூஜின் றபினோவிச் என்னும் பேரறிஞரின் வழிகாட்டலில் அதனைத் தொடர்ந்தார். பச்சையம் 'ஏ' என்பதே இரு வடிவங்களில் நின்று இருவேறு பணிகளை ஆற்றுகின்றது என்று 1960 இல் இருவரும் எடுத்துக்காட்டினர். அவ்வாண்டிலேயே கோவிந்தஜீ கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இன்று அவ்விரு தொகுதிகளும் பச்சையவுருமணியின் மென்சவ்வுகளில் பதிந்துள்ள புரதக் கூட்டங்கள் என அறிகின்றோம். ஒன்று நீரைப் பிளந்து பெறும் இலத்திரனை மற்றொன்று மேலும் உயர்த்துகின்றது. இருவகை ஒளியும் ஒருங்கே வேண்டப்படுவதன் காரணம் இதுவே.

அதன்பின் கோவிந்தஜீ இருகாபனேற்றின் பணியை ஆராய்ந்தார். நீரைப் பிளக்கும் தொகுதியில் இலத்திரன் செல்லும் வழிக்கு அது இன்றியமையாதது என்று, 1975 இல் அவரும் அவர் மாணவர் தோமஸ் விட்ரின்ஸ்கியும் காட்டினர். 2011 இல் யப்பானிய அறிஞர்கள் வெளியிட்ட அத்தொகுதியின் நுண்ணமைப்பில், இரும்பு அணுவைப் பற்றிநிற்கும் இருகாபனேற்று தெளிவாகத் தெரிந்தது.

1999 இல் ஓய்வு பெறும்வரை அவர் இலினோயிலேயே பணியாற்றினார். எமேசன் விட்டுச்சென்ற வினாவை ஏற்றவர், தம் மாணவருக்கும் ஒரு வினாவைப் பகிர்ந்தளித்தார். அவர்கள் தேடிய அந்த இரு தொகுதிகளும் நமுனுகுலச் சாரலின் ஒவ்வொரு தேயிலையிலும் நாள்தோறும் இயங்குகின்றன.