தாம்பரம் வட்டாரத்தில் ஒருமுறைக் கலன்கள்: இலை முதல் டப்பா வரை

உணவு பரிமாறவும் கட்டிக் கொடுக்கவும் பயன்பட்டு, ஒரே முறையில் கழிக்கப்படும் தட்டு, குவளை, உறை, டப்பா முதலியவை ஒருமுறைக் கலன்கள் எனப்படும். தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சென்னையின் தென் புறநகரிலும் இவற்றின் தேவை இலை, நெகிழி (பிளாஸ்டிக்), மாற்றுப் பொருள்கள் என மூன்று கட்டங்களாக மாறிவந்துள்ளது. உட்கார்ந்து உண்ணும் வழக்கம் குறைந்து, உணவை எடுத்துச் செல்லும் வழக்கம் பெருகியதே இம்மாற்றத்தின் முதன்மைக் காரணமாகும்.

இலைக் காலம்

நெகிழி வருமுன் உணவகங்களிலும் திருமணங்களிலும் வாழையிலையே பெரிதும் பயன்பட்டது. மந்தாரை, புரசு ஆகிய மரங்களின் இலைகளை ஈர்க்கால் இணைத்துச் செய்த தையல் இலையும் விற்பனையில் இருந்தது. இட்லி, தோசை போன்றவை இலையும் செய்தித்தாளும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டப்பட்டன. குழம்பு, சாம்பார் வாங்குவோர் வீட்டிலிருந்தே தூக்குவாளி கொண்டு வந்தனர். தேநீர் கண்ணாடிக் குவளையில் தரப்பட்டது. எறியப்பட்ட இலை மாடுகளுக்குத் தீனியாயிற்று.

ஆனால் வாழையிலையை நெடுநாள் இருப்பு வைக்க இயலாது. முகூர்த்த நாள்களிலும், புயற்காற்றில் வாழைகள் சாயும்போதும் அதன் விலை ஏறிவிடும். இது சிறு உணவகங்களுக்குச் சுமையாக இருந்தது.

நெகிழியின் வரவு

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. 1984இல் இங்கு ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் அமைந்தது. பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. நேரமின்றி உணவைக் கையில் எடுத்துச் செல்லும் பயணிகள், தொழிலாளர்கள், விடுதிவாசிகள் ஆகியோரின் தொகையும் அதனுடன் உயர்ந்தது.

தூக்குவாளி இல்லாத இவர்களுக்குச் சூடான சாம்பார், மெல்லிய நெகிழிப் பையில் ஊற்றி நூலால் கட்டித் தரப்பட்டது. நெகிழி ஒழுகாது, எடை குறைவு, பல மாதம் இருப்பு வைக்கலாம். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் கடைகளுக்குத் தட்டு கழுவும் செலவும் மிச்சமாயிற்று. இதனால் தெர்மாகோல் தட்டு, நெகிழிக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவையும் பரவின. இலைக் குப்பை மட்கியது. இவை மட்காமல் கால்வாய்களையும் கன்னடபாளையம் போன்ற குப்பைக் கிடங்குகளையும் நிறைத்தன.

தடையும் மாற்றுப் பொருள்களும்

தமிழக அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்தபடி, 14 வகை ஒருமுறை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. உணவு கட்டும் நெகிழித் தாள், தெர்மாகோல் தட்டு, நெகிழிக் குவளை, நெகிழிப் பூச்சுள்ள காகிதக் குவளை, உறிஞ்சுகுழல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நாடு தழுவிய தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

தட்டுக்கு மாற்று எளிதில் கிடைத்தது. தானாக உதிரும் பாக்கு மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தித் தட்டு செய்கின்றனர். கரும்புச் சக்கையிலிருந்தும் தட்டுகள் வார்க்கப்படுகின்றன. வாழையிலைக்கும் தேவை கூடியது.

காகிதக் குவளையின் நிலை வேறு. வெறும் காகிதம் சூடான தேநீரைத் தாங்காது. ஆகவே உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம் பூசப்படுகிறது. அதைக் காகிதத்திலிருந்து பிரிப்பது கடினமாதலால் மறுசுழற்சியும் கடினமாகிறது. இக்குவளைகள் மீதான தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும், உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரிலும் தடையை உறுதிசெய்தன.

தீராத சிக்கல்

நீர்ம உணவை எடுத்துச் செல்வதற்கு மட்டும் மலிவான மாற்று அமையவில்லை. தடையின் தொடக்கத்தில் பாத்திரம் கொண்டு வருவோருக்குச் சில உணவகங்கள் விலையில் தள்ளுபடி தந்தன. 2020 மார்ச் மாதக் கொரோனா ஊரடங்கில் உணவகங்களில் உட்கார்ந்து உண்பது நின்று, பார்சல் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. செயலிகள் வழியே வீடு தேடி வரும் உணவும் பெருகியது. இவ்விரண்டும் மூடியுள்ள தடித்த நெகிழி டப்பாவின் தேவையை உயர்த்தின. 14 பொருள்களின் பட்டியலில் இந்த டப்பா பெயர் குறித்துச் சேர்க்கப்படவில்லை. ஆகவே மெல்லிய பை இருந்த இடத்தை, அதைவிடக் கூடுதல் நெகிழி கொண்ட டப்பா பிடித்தது. டப்பாவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் பெரிய உணவகத்துக்கு இது சுமையன்று. தள்ளுவண்டிக் கடைக்காரரோ மெல்லிய பையைக் கொடுத்தால் அபராதமும், டப்பா வாங்கினால் கூடுதல் செலவும் ஏற்க வேண்டியுள்ளது.

2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அடுத்த மாதம் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை காய்கறிக்கும் மளிகைக்கும் தீர்வானது. சாம்பாருக்கு அது உதவாது. வீட்டுப் பாத்திரத்தில் வாங்கும் பழைய வழக்கமே அதற்கு இன்றுள்ள செலவில்லாத மாற்றாகும். அலுவலகம் முடிந்து ரயிலிலிருந்து இறங்குபவரின் கையில் பாத்திரம் இருப்பதில்லை என்பதால், அந்த வழக்கம் வீட்டருகே வாங்குவோரைத் தாண்டிப் பரவவில்லை.