இணைய முகவரி யாருடைய உடைமை?
இணையத்தின் தொடக்கக் காலத்தில் கணினி அறிவியலாளர் ஜான் போஸ்டல் எண் முகவரிகளைப் பதிவேட்டில் குறித்து, கேட்ட நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் தொகுதிகளாக வழங்கினார். பெருந்தொகுதி ஒவ்வொன்றும் 1,67,77,216 முகவரிகளைக் கொண்டிருந்தது. வலையமைப்புகள் பெருகி, தரவு செல்லும் வழியைத் தீர்மானிக்கும் திசைவிகளின் அட்டவணைகள் வீங்கியதால், 1993 முதல் முகவரிகள் சேவை வழங்குநர்வழித் தொகுத்தளிக்கப்பட்டன. அவ்வாறு பெற்றது உடைமையன்று, இரவலே என்பதால், வழங்குநரை மாற்றும் வாடிக்கையாளர் அதைத் திருப்பித் தரவேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டமோ, தொலைபேசி எண்ணைச் சந்தாதாரர் தம்முடன் எடுத்துச்செல்ல வழிவகுத்தது. அழைப்பை இணைக்குமுன் அந்த எண் இப்போது எந்த நிறுவனத்திடம் உள்ளது எனத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடினால் போதும், ஆனால் இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் அவ்வாறு தேடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. இரவல் கொள்கைக்கு முன் ஒப்பந்தமின்றி வழங்கப்பட்ட முகவரிகளோ சொத்தாகவே நடத்தப்பட்டன: திவாலான தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெல் 2011இல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. பிந்தி வந்த சிறு வலையமைப்புகளுக்கு இந்த வேறுபாடு நீதியானதன்று.