அழகிய மணவாளன் என்னும் திருநாமமும் அதனைத் தாங்கிய நூலாசிரியர்களும்

திருவரங்கத்து உத்ஸவமூர்த்திக்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் எத்துணைப் பழகியதோ, அத்துணைப் பழகியது அழகிய மணவாளன் என்னும் திருநாமமும். உறையூரில் கமலவல்லி நாச்சியாருடன் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானுக்கும் இதுவே திருநாமம். கொள்ளிடத்துக்கு வடகரையில் அழகியமணவாளம் என்றே ஓர் ஊரும் உண்டு. எம்பெருமான் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது அடியார் குடிகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாதலால், இத்திருநாமம் பல ஆசார்யர்களுக்கும் புலவர்களுக்கும் வாய்த்தது. அதனால் ஒரு பெயரின் கீழ் ஒன்றோடொன்று தொடர்பற்ற நூல்கள் பல வந்து சேர்ந்தன. ஓலைச்சுவடிகளின் பட்டியல்கள் ஆசிரியர் பெயரை அகரவரிசையில் நிறுத்துவன. அவ்வரிசையில் "அழகிய மணவாளர்" என்று கண்டவிடத்து, அவர் எந்த அழகிய மணவாளர் என்று விசாரியாமல் மேற்செல்லுதல் தகாது. இப்பெயர் தாங்கியவர்களுள் நால்வரை வேறுபடுத்தி அறிய வேண்டுவது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

நாயனார்

முதலாமவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். வடக்குத் திருவீதிப்பிள்ளையின் இளைய திருக்குமாரர். பிள்ளை லோகாசார்யருக்குத் திருத்தம்பியார். மார்கழி அவிட்டம் இவர் திருநக்ஷத்ரம். நம்பிள்ளையின் அனுக்ரஹத்தால் பிறந்த மூத்தவருக்கு ஆசார்யரின் பெயரான லோகாசார்யன் என்பதை இட்டார் தந்தையார். நம்பிள்ளை திருவுள்ளம் கொண்டிருந்ததோ அழகிய மணவாளன் என்னும் பெயரை. பின்னர் அரங்கன் அருளால் இரண்டாமவர் அவதரிக்க, அப்பெயரை அவருக்கு இட்டு அக்குறை தீர்ந்தது என்பர் பெரியோர். நாயனார் நைஷ்டிக ப்ரஹ்மசாரியாகவே வாழ்ந்து, தமையனாருக்கு முன்னமே திருநாடு அலங்கரித்தார். ஆசார்ய ஹ்ருதயம், அருளிச்செயல் ரஹஸ்யம், திருப்பாவைக்கு ஆறாயிரப்படி, அமலனாதிபிரானுக்கும் கண்ணிநுண்சிறுத்தாம்புக்கும் வ்யாக்யானங்கள் ஆகியன இவர் அருளியவை. ஆழ்வார்களின் சொற்களையே எடுத்துக் கோத்து நம்மாழ்வாரின் திருவுள்ளத்தை வெளியிடும் ஆசார்ய ஹ்ருதயத்தின் நடை பிறரால் எளிதில் எய்தவொண்ணாதது.

ஜீயர்

இரண்டாமவர் வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயர். ஆனி ஸ்வாதி இவர் திருநக்ஷத்ரம். பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்து வந்தவர்; அக்காலத்தில் எழுத்தறிவு அற்றவர். ஒருநாள் வித்வான்கள் கூடி சாஸ்த்ரம் விசாரித்திருக்க, அது எந்த க்ரந்தம் என்று இவர் வினவினார். அவர்கள் பரிஹாஸமாக "முஸலகிஸலயம்" என்றனர். உலக்கைக் கொழுந்து என்பது அதன் பொருள். இவர் அதனை மெய்யென்றே கொண்டு பிள்ளையிடம் விண்ணப்பிக்க, பிள்ளை இரங்கித் தாமே இவருக்கு சாஸ்த்ரங்களைக் கற்பித்தருளினார். பின்னாளில் முஸலகிஸலயம் என்னும் பெயரிலேயே ஒரு காவ்யம் செய்து தம்மை நகைத்தவர்களிடம் காட்டினார் என்பது ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் வரலாறு. ஸந்யாஸாச்ரமம் ஏற்றுப் பிறமதத்தவரை வாதில் வென்றமையால் வாதிகேஸரி எனப்பட்டார். பகவத்கீதையைத் தமிழ் வெண்பாக்களில் அருளியவர் இவரே. திருவாய்மொழியின் ஐந்து வ்யாக்யானங்களுள் பதவுரையோடு அமைந்த பன்னீராயிரப்படியும் இவருடையது.

மாமுனிகள்

மூன்றாமவர் மணவாள மாமுனிகள். 1370-ஆம் ஆண்டு ஐப்பசி மூலத்தில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்தவர். திருவாய்மொழிப்பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தவர். இவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்பதே. ஸந்யாஸம் ஏற்றபோதும், தம் திருநாமமான அப்பெயரையே தொடர்ந்து கொள்ளுமாறு அரங்கன் நியமித்தான் என்பர். பிள்ளை லோகாசார்யரின் ரஹஸ்யங்களுக்கும் ஆசார்ய ஹ்ருதயத்துக்கும் வ்யாக்யானம் அருளியவர் இவர். ஆகவே மூலம் செய்தவரும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார்; உரை செய்தவரும் பூர்வாச்ரமத்தில் அதே பெயர் உடையவர்.

தாஸர்

நான்காமவர் பிள்ளைப் பெருமாள் ஐயங்கார் என்னும் அழகிய மணவாளதாஸர், 17-ஆம் நூற்றாண்டினர். திருவரங்கக் கலம்பகம் முதலான எட்டு ப்ரபந்தங்களால் திவ்யகவி எனப் போற்றப்படுபவர். யமகமும் திரிபும் விரவிய அந்தாதிப் புலமை இவருடையது. வ்யாக்யானம் இவர் துறையன்று. காலமும் துறையும் வேறாதலால் இவரை மற்றவரோடு மயங்க இடமில்லை. மயக்கமெல்லாம் முதல் மூவரிடத்திலேயே.

மயக்கத்தின் காரணங்கள்

நாயனாரும் ஜீயரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். நம்பிள்ளையின் கோஷ்டியே இருவருக்கும் மூலம். நாயனாரின் தந்தையார் ஈடு முப்பத்தாறாயிரப்படியை ஏடுபடுத்தியவர். ஜீயரின் ஆசார்யர் இருபத்துநாலாயிரப்படியை அருளியவர். இருவரும் அருளிச்செயலுக்கு உரை கண்டவர்கள். பெயரும் ஒன்றானால், அடைமொழி ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டும்.

வடமொழியில் இம்மயக்கம் இன்னும் மிகும். மணவாளன் என்பதற்கு ஜாமாதா என்றும் வரன் என்றும் சொல்வர். அழகிய என்பதற்கு ரம்ய, ஸுந்தர, ஸௌம்ய என்று பல சொற்கள் உண்டு. ஆதலால் ரம்யஜாமாத்ருமுனி, ஸுந்தரஜாமாத்ருமுனி, ஸௌம்யஜாமாத்ருமுனி, வரவரமுனி என்பன யாவும் ஒரே தமிழ்ப்பெயரின் மொழிபெயர்ப்புகள். ஜீயரின் தனியன் ஸுந்தர என்னும் சொல்லை ஆள்கிறது. நாயனாரின் தனியனிலும் மாமுனிகளின் தனியனிலும் ரம்ய என்னும் சொல்லே உளது. எனவே வடமொழிப் பெயரை மட்டும் கொண்டு ஆசிரியரைத் துணிவது பொருந்தாது.

மாமுனிகளே காட்டிய நெறி

இம்மயக்கத்தைத் தீர்க்கும் நெறியை மாமுனிகள் தாமே உபதேசரத்தினமாலையில் காட்டியருளினார். வ்யாக்யானம் செய்தவர்களை முறையே எடுத்துரைக்குமிடத்தில், பன்னீராயிரப்படி செய்தவரை அழகிய மணவாள ஜீயர் என்று ஆச்ரமப் பெயரோடு குறித்தார். நாயனாரைக் குறிக்கும்போதோ, உலகாரியனுக்குத் தம்பி என்னும் உறவை முன்னிட்டு, அதன்பின்னரே மணவாள முனி என்றார். நாயனார் துறவியல்லர், ஆயினும் முனி என்னும் சொல் அவர்பால் வந்தது. உறவுக்குறிப்பை விட்டு அச்சொல்லை மட்டும் காண்பவர், நூலாசிரியர் தம்மையே சொல்லிக்கொண்டார் என மயங்குவர். தம் பெயரையே உடைய முன்னோர் இருவரைப் பாடுமிடத்து, ஒருவரை ஆச்ரமத்தாலும் மற்றொருவரைக் குடிப்பிறப்பாலும் பிரித்தறிய வைத்தது அவர் திருவுள்ளம். பெயர் ஒன்றாயினும் பெருமை அவரவருக்கே உரியது என்பது இதனால் விளங்கும்.

பிரித்தறிவதன் பயன்

ஆசிரியர் யாராயினும் அர்த்தம் ஒன்றன்றோ, இவ்விசாரம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். மறுமொழி இரண்டு.

ஒன்று, பன்னீராயிரப்படியை நாயனாருக்கு ஏற்றினால், மடைப்பள்ளியில் எழுத்தறியாதிருந்த ஒருவரை ஆசார்ய க்ருபை வ்யாக்யாதாவாக உயர்த்திய வரலாறு அந்நூலினின்று நீங்கிவிடும். கற்றோர் குடியில் பிறந்தவர் உரை செய்தார் என்பதே எஞ்சும். பதந்தோறும் பொருள் சொல்லிச் செல்லும் அவ்வுரை, வயது வந்த பின்னரே எழுத்தறிந்து கற்றவர் பின்வருவோர்க்கு வைத்துப் போன வழித்துணை. அது செய்தவர் யார் என்று அறிந்தால்தான் அதன் அருமை தெரியும்.

மற்றொன்று, ஆசார்ய ஹ்ருதயத்தின் மூலமும் உரையும் ஒருவருடையவை என மயங்கினால், ஒரு நூற்றாண்டின் சரித்திரம் மறைந்துபோகும். நாயனார் திருநாடு எய்திய பின் திருவரங்கம் துருக்கர் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த வயதில் அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். கோஷ்டிகள் சிதறின. எம்பெருமான் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளியது சகம் 1293-இல், அதாவது 1371-இல். அதனைக் கோபண்ணனின் கல்வெட்டு உரைக்கிறது. மாமுனிகள் அப்போது கைக்குழந்தை. இடைக்காலத்தில் அர்த்தங்களைக் காத்தவர்கள் கூரகுலோத்தம தாஸர், திருவாய்மொழிப்பிள்ளை முதலானோர். ஆசார்ய ஹ்ருதயத்தின் பொருளைத் திருநாராயணபுரத்து ஆயிடம் கேட்டுத் தெளிய விரும்பினார் மாமுனிகள். பின்னரும் அந்திம தசையில், திருமேனி நலிவால் சயனித்தபடியே அதற்கு உரை அருளினார் என்று பெரியோர் கூறுவர். வருந்தி எழுதுவானேன் என்று கேட்ட சிஷ்யரிடம், பின்வரும் ஸந்ததியாருக்காக என்றாராம். மூலத்துக்கும் உரைக்கும் இடையே கிடப்பது இத்தனை ஆபத்தும் இத்தனை பேருடைய ரக்ஷணமும். ஒரே ஆசிரியர் என எழுதிவிட்டால் அவர்கள் அனைவரும் மறக்கப்படுவர்.

நிகமனம்

ஆகவே இத்திருநாமம் பொறித்த சுவடியோ பதிப்போ கைக்கு வந்தால் அறிய வேண்டியவை சில. நாயனார், ஜீயர், மாமுனிகள், தாஸர் என்னும் அடைமொழிகளுள் எது உளது. நூல் தொடக்கத்தில் வந்தனம் யாரைக் குறித்தது. எவ்வாசார்யரின் உரையை மேற்கோளாகக் கொண்டது. நூலோடு அனுஸந்திக்கப்படும் தனியன் யாருடையது. இவை ஒத்து வந்த பின்னரே ஆசிரியர் பெயரை எழுத வேண்டும். பதிப்பிப்போர் வடமொழிப் பெயரோடு நில்லாமல் தந்தையார் அல்லது ஆசார்யரின் பெயரையும் திருநக்ஷத்ரத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது நலம்.

அடியார்கள் தமக்கென்று ஒரு பெயரை விரும்பாமல் அரங்கனின் பெயருக்குள்ளே தம்மை ஒளித்துக்கொண்டனர். அவர்கள் ஒவ்வொருவரின் உபகாரத்தையும் தனித்தனியே அறிந்து ஸ்மரிப்பது, அதனால் பயன்கொண்ட பின்னோரின் கடமை.