எம்.எஸ்சி சைக்காலஜி முடிச்சா ‘கிளினிக்கல்’ போர்டு மாட்டலாமா?

திருத்தணியிலிருந்து எம்.எஸ்சி சைக்காலஜி படிக்கக் கிளம்புகிறீர்களா? ரயிலேறினால் ஒரு திசையில் சென்னைப் பல்கலைக்கழகம், எதிர்த்திசையில் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். எது கிட்டே என்பதைவிட, முடித்துவிட்டு என்ன வேலை பார்க்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

பள்ளி கவுன்சலர், ஹெச்.ஆர் என்றால் அதற்கேற்ற சிறப்புப் பாடம் எடுக்கலாம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ ஆகணுமா? வெறும் எம்.எஸ்சி பத்தாது பாஸ்! ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய கிளினிக்கல் படிப்பும், அந்த கவுன்சிலில் பதிவும் வேண்டும். கோர்ஸ் பெயரில் ‘கிளினிக்கல்’ இருக்கேன்னு ஃபீஸ் கட்டிடாதீங்க, ஆர்.சி.ஐ பட்டியலில் அந்தக் கல்லூரியும் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை பார்த்துக்கிட்டே தபாலில் படிச்சுக்கலாம் என்ற கணக்கும் இனி உதவாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்த யு.ஜி.சி தடை போட்டுவிட்டது.