செந்தேள் கடிக்கு ஒரு மாத்திரை பிறந்த கதை

பளை என்ற ஊர் மாவட்டத்தால் கிளிநொச்சி. மண்ணால் யாழ்ப்பாணக் குடாநாடு. அந்தக் குடாநாட்டில் இந்தியச் செந்தேள் இருப்பதை யாழ் போதனா வைத்தியசாலையில் நடந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தென்னங்காணியில் மட்டை பொறுக்குகிறவர்களும் விறகு அடுக்குகிறவர்களும் இந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது.

கதை நரம்பிலிருந்து தொடங்குகிறது. 1946 இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர், பரிவு நரம்புகளின் நுனியில் சுரக்கும் பொருள் நோர்அட்ரினலின் என்று காட்டினார். 1970 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாய் துரத்தினால் உடம்பை உசுப்புவதும், படுக்கையிலிருந்து எழும்பும்போது குருதிக் குழாய்களை இறுக்கி மயங்கி விழாமல் காப்பதும் அதுதான். மூளைத்தண்டின் சின்னஞ்சிறு நீலப் பகுதியொன்றிலிருந்து மூளையெங்கும் பரவி, எங்களை விழிப்பாக வைத்திருப்பதும் அதுவே.

செந்தேளின் நஞ்சு நோர்அட்ரினலினின் அளவைக் குலைக்கிறது. நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாது. நோர்அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாய்ப் பாயும். வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிடும், பிரஷர் ஏறும். இறுகிய குழாய்களை எதிர்த்து அடித்தடித்து இதயம் சோரும். நுரையீரலில் நீர் கட்டும்.

மகாராட்டிரத்தின் கொங்கணக் கரையில், பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976 இல் போன இளம் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் செந்தேள் கொட்டி நேர்ந்த சாவுகளைக் கண்ணால் கண்டார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர் இறந்துகொண்டிருந்த காலம் அது. அவர் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து நாடியையும் பிரஷரையும் மூச்சையும் குறித்தார். கொல்வது வலி அல்ல, இதயத்தின் தோல்வி என்பது அந்தக் குறிப்புகளில் தெளிந்தது. முதலில் குழாய்களைத் தளர்த்தும் மருந்தொன்றைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார். பலன் இருந்தது, ஆனால் கணமும் கண் எடுக்க முடியாத மருந்து, கிராமத்துக்குச் சரிவராது. பிறகுதான் பிரசோசின். பிரஷருக்குக் கொடுக்கும் மலிவான மாத்திரை. நோர்அட்ரினலின் போய்ப் பற்றும் இடங்களை மறித்துக் குழாய்களைத் தளர்த்திவிடும். 1986 இல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார். இறப்பு நூற்றுக்கு ஒன்றளவுக்கு இறங்கியது. பெரிய ஆய்வுகூடம் எதுவும் இல்லாமல் ஒரு கிராமத்து வைத்தியர் செய்த இந்த வேலையை நான் மிக உயர்வாக வைக்கிறேன். 2022 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

இந்த மாத்திரை பிந்தினால் பயன் குறையும். தேள் கொட்டியவர் வியர்த்து, வாந்தி எடுத்து, கைகால் குளிர்ந்தால், பார்வை பார்க்கவென்று நேரத்தை விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.