கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஒரு பத்து வயதுப் பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊர், நியூ யார்க். பேட்டை, ஹார்லெம். பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கடையில் கைவைத்து மாட்டிக்கொண்டாயிற்று. ஒருமுறை, இருமுறை, நாலாவது முறை. நீதிபதி நிமிர்ந்து பார்க்கிறார். ஜெயிலுக்கு அனுப்புகிற வயசில்லை. வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி இதே கதைதான். சரி, வில்ட்விக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுக்கிறார்.

வில்ட்விக் ஓர் உறைவிடப் பள்ளி. ஹட்சன் நதிக்கரையில், ஈசோப்பஸ் என்ற இடத்தில் 1930களில் தொடங்கப்பட்டது. சட்டத்தின் கையில் சிக்கிய சின்னப் பையன்களுக்கானது. பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள், பிற்பாடு போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு இந்தப் பள்ளிமீது தனிப் பிரியம். ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஹைட் பார்க்கில்தான் அவர் வீடு. பையன்களை அங்கே கூப்பிட்டு வருஷா வருஷம் விருந்து வைப்பார்.

நல்ல பள்ளிதான், சந்தேகமில்லை. 1956ல் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆன ஃப்ளாய்ட் பாட்டர்சன் இங்கே வளர்ந்தவர். தன் ஹார்லெம் வாழ்க்கையை எழுதி 1965ல் அமெரிக்காவையே உலுக்கிய கிளாட் பிரவுனும் அப்படித்தான்.

ஆனால் எல்லோரும் பாட்டர்சன் ஆகிவிடுவதில்லையே! மரம், ஆறு, நேரத்துக்குச் சாப்பாடு, அதட்டாத ஆசிரியர். பையன் தேறிவிடுவான். பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி கடை, மறுபடி போலீஸ், மறுபடி அதே நீதிபதி.

எங்கே இடிக்கிறது?

1950களின் கடைசியில் அங்கே வேலை பார்த்த ஒரு மனநல மருத்துவரை இந்தக் கேள்வி தூங்கவிடாமல் படுத்தியது. பெயர் சால்வடார் மினுசின். ஆள் அமெரிக்கர் இல்லை. 1921ல், அர்ஜென்டினாவில் சான் சால்வடார் என்ற குட்டி ஊரில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம். வீட்டில் ஒரு கலாசாரம், தெருவில் வேறு கலாசாரம் என்று இரண்டிலும் கால் வைத்து வளர்ந்த பிள்ளை. பள்ளியில் படிக்கும்போது ஓர் ஆசிரியர் ரூசோவைப் பற்றிப் பேசியிருக்கிறார். தப்பு செய்கிற சிறுவர்கள் சமூகம் செய்த தப்பின் பலியாட்கள் என்று அந்தப் பேச்சில் வந்த ஒரு கருத்து மனசில் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை உதிரவேயில்லை.

டாக்டருக்குப் படிக்கப் போனார். 1943ல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள். மினுசினும் கூட நின்றார். மூன்று மாதம் உள்ளே வைத்துவிட்டார்கள். படிப்பை முடித்து, 1948ல் இஸ்ரேல் போய் யுத்தத்தில் ராணுவ டாக்டராக வேலை. 1950ல் நியூ யார்க். 1952ல் மனைவி பாட்ரீசியாவோடு மறுபடி இஸ்ரேல். இந்த முறை, ஹிட்லரின் முகாம்களில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளையும், அரபு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளையும் வைத்துப் பராமரித்த இல்லங்களில் பணி. 1954ல் திரும்பவும் நியூ யார்க். அடுத்துத்தான் வில்ட்விக்.

கவனித்தீர்களா? முப்பத்தைந்து வயதை எட்டுவதற்குள் மூன்று கண்டம், நாலைந்து மொழி. எந்த ஊரிலும் முழுசாக உள்ளூர்க்காரர் கிடையாது. பிற்பாடு நடந்ததற்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு மனநல மருத்துவம் என்றால் ஃப்ராய்ட் வழிதான். நோயாளி படுத்துக்கொண்டு பேசவேண்டும். டாக்டர் கேட்கவேண்டும். வாரத்துக்கு நாலு நாள், வருஷக்கணக்கில். மினுசினும் அதில் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஆனால் வில்ட்விக் பையன்களிடம் அது எடுபடவில்லை. 'உன் மனசில் என்ன ஓடுகிறது?' என்று கேட்டால் பையன் ஜன்னலைப் பார்ப்பான். நாற்காலியை உதைப்பான். அவன் வளர்ந்த வீட்டில் மனசில் ஓடுவதை உட்கார்ந்து பேசுகிற வழக்கமே கிடையாது. அங்கே எல்லாமே செயல்தான். கத்தல், அடி, அணைப்பு, மௌனம்.

மினுசினும் சகாக்களும் யோசித்தார்கள். பையனைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்ப்பது, வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தை வெறுமையாக விட்ட பேரேடு மாதிரி. பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சொல்லிவிடுவான், அந்தக் கணக்கு ஜென்மத்துக்கும் சரிக்கட்டாது என்று. பையன் என்பது பாதிக் கணக்கு. மீதி வீட்டில் இருக்கிறது. கூப்பிடுங்கள் வீட்டை!

அம்மா வந்தார், அக்கா வந்தார், தம்பி தங்கைகள் வந்தார்கள். ஆனால் இவர்களை எப்படிக் கையாள்வது? சொல்லிக்கொடுக்க ஆளில்லை, படிக்கப் புத்தகம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அறையின் சுவரை உடைத்து ஒரு கண்ணாடியைப் பதித்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல். உள்ளே ஒருவர் குடும்பத்தோடு பேசுவார். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து கவனிப்பார்கள். முடிந்ததும், எங்கே சொதப்பினோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டார்கள்.

அதுவரை ஒரு டாக்டர் மூடிய கதவுக்குள் என்ன செய்கிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அந்த ரகசியம் அன்றைக்கு உடைந்தது.

இந்த அனுபவத்தை 1967ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். சேரிக் குடும்பங்கள் என்பது தலைப்பின் பொருள். வெளிவந்த நேரம்தான் கொஞ்சம் சிக்கலானது. இரண்டு வருஷம் முன்னால், 1965ல், டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் என்ற அரசு அதிகாரி கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். அவர்களுடைய பிரச்னைகளுக்கு நடுநாயகமாகக் குடும்பச் சிதைவை நிறுத்தியிருந்தார். ஊரே கொந்தளித்தது. வேலை தரமாட்டாய், வீடு தரமாட்டாய், நல்ல பள்ளி தரமாட்டாய், கடைசியில் 'உன் குடும்பம் சரியில்லை' என்பாயா? பாதிக்கப்பட்டவன்மீதே பழி போடுவது என்கிற வாசகம் அமெரிக்காவில் பிரபலமானதே இந்தச் சண்டையை ஒட்டித்தான்.

மினுசின் கோஷ்டிமீதும் இதே கேள்வி பாயத்தானே செய்யும்? பாய்ந்தது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் அவரிடம் வார்த்தையாக இருந்ததைவிடக் காரியமாக இருந்தது. அதற்கு ஃபிலடெல்ஃபியா போகவேண்டும்.

1965ல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் வழிகாட்டு மையத்துக்கு அவர் இயக்குநரானார். அப்போது அங்கே ஊழியர்கள் ஒரு டஜன்கூட இல்லை. வில்ட்விக்கிலிருந்து பிராலியோ மோன்டால்வோவை அழைத்து வந்தார். அவர் போர்ட்டோ ரிக்கோக்காரர். 1967ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஜே ஹேலி வந்து சேர்ந்தார். ஹேலியிடம் மருத்துவப் பட்டமும் கிடையாது, உளவியல் பட்டமும் கிடையாது. படித்தது நாடகக் கலை, நூலக இயல், தகவல் தொடர்பு. இந்த மூன்று பேரும் ஒரே காரில் ஆபீஸ் போவார்கள். குடும்ப சிகிச்சையின் பல முக்கியமான யோசனைகள் அந்தக் கார் பயணத்தில் பிறந்தவை என்று மினுசினே சொல்லியிருக்கிறார். டிராஃபிக் நெரிசலாலும் உலகத்துக்கு நன்மை உண்டு.

அவருடைய வித்தை என்ன? சுருக்கமாகச் சொன்னால், யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், யார் யாரிடமிருந்து விலகியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. அம்மா வேலைக்குப் போகிறார். மூத்த பெண்தான் தம்பி தங்கைகளுக்கு அம்மா. பன்னிரண்டு வயதில் வீட்டின் பாதிச் சுமை அவள் தலையில். அவள் அதட்டினால் தம்பி கேட்கமாட்டான், அம்மா வந்தால் அவளைத்தான் திட்டுவார். இந்த வீட்டுத் தம்பி கடையில் திருடினால் அவன் மனசைத் தோண்டி என்ன பிரயோஜனம்? மினுசின் பேச்சை நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருக்கிற இடத்தை மாற்றுவார். 'அம்மா, நீங்கள் இங்கே வாருங்கள். பையனிடம் நீங்களே சொல்லுங்கள், எனக்காக இல்லை, அவனுக்காக.' மூத்தவளை ஓய்வெடுக்கச் சொல்லித் தள்ளி உட்காரவைப்பார். வீட்டில் நடக்கவேண்டிய மாற்றம் அந்த அறையிலேயே ஒத்திகை பார்க்கப்படும். 1974ல் இந்த முறையை விளக்கி அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பாடப்புத்தகமானது.

சரி, கவுன்சிலர்கள் யார்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. மையத்துக்கு வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பர்கள், ஸ்பானிய மொழிக்காரர்கள். மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கம், பெயருக்குப் பின்னால் நீளமான பட்டம். இரண்டு பக்கமும் ஆங்கிலம்தான் பேசுகிறது. ஆனாலும் பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

1960களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்த சாதாரண மனிதர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள். அவர்களைக் குடும்ப சிகிச்சையாளர்களாகவே தயார் செய்வதென்று முடிவெடுத்தார்கள். ஃபைல் தூக்குகிற உதவியாளர் வேலைக்காக இல்லை. நேரடியாகக் குடும்பத்தை எதிரில் உட்காரவைத்துப் பார்க்கிற வேலைக்கு.

யோசித்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு வயிறு எரிந்திருக்கும்! டாக்டர் பட்டத்துக்குப் பத்து வருஷம் செலவழித்தவன் இதை எப்படி ஜீரணிப்பான்? கேள்வியில் நியாயமும் இருந்தது. அனுபவமில்லாத ஆள் கையில் ஒரு குடும்பத்தைக் கொடுத்து, அவர் அதைக் கெடுத்துவிட்டால்?

அதற்கும் பழைய கண்ணாடிதான் கைகொடுத்தது. பயிற்சி பெறுகிறவர் உள்ளே. கண்ணாடிக்குப் பின்னால் ஹேலியோ மோன்டால்வோவோ. உள்ளே ஒரு டெலிபோன். தடம் மாறுகிற நேரத்தில் அது அடிக்கும். 'அப்பாவிடம் பேசுங்கள், ரொம்ப நேரமாக அவர் வாயே திறக்கவில்லை.' போனை வைத்துவிட்டு அவர் தொடர்வார். முக்கியமான கட்டமென்றால் எழுந்து வெளியே வந்து ஆலோசித்துவிட்டுப் போவார். தப்பு நடந்த அடுத்த வாரம் திருத்துவதற்குப் பதில், தப்பு நடக்கிற நிமிஷத்திலேயே திருத்தம். குடும்பத்தைப் பாதுகாக்கச் செய்த ஏற்பாடு, பயிற்சி முறையாகவே வளர்ந்துவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. பட்டம் படித்தவர்களுக்கு முதலில் பழைய சித்தாந்தத்தை மறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இவர்களுக்கு மறக்க ஒன்றுமில்லை. வாடகை பாக்கி என்றால் என்ன, ஒரே அறையில் ஆறு பேர் படுப்பது என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வருகிற குடும்பத்தின் முகம் சுளிப்பதன் அர்த்தம் தெரியும். எந்தக் கேள்வி மரியாதைக் குறைவு என்று தெரியும்.

அந்தத் திட்டம் சில ஆண்டுகள்தான் ஓடியது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நேரடியாக வழிகாட்டும் முறை நிலைத்துவிட்டது. இன்றைக்குப் பல நாடுகளில் குடும்ப ஆலோசகருக்குப் படிப்பவர்கள் இந்த முறையில் பழகித்தான் வெளியே வருகிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்காக, பட்டமில்லாதவர்களுக்காக உருவானது, பட்டதாரிகளின் பாடமாகிவிட்டது.

மினுசினைத் தெய்வமாக்க வேண்டாம். அவருடைய முறையிலும் ஓட்டைகள் உண்டு. 1970களின் கடைசியிலிருந்து பெண்ணியவாதிகள் கேட்டார்கள். குடும்பம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எந்த வீட்டை மனசில் வைத்துச் சொல்கிறீர்கள்? பிரச்னை என்றதும் அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அப்பாவைக் கொண்டுவந்து சரி செய் என்பதுதான் வைத்தியமா? 1982ல் மோனிகா மெக்கோல்ட்ரிக் உள்ளிட்ட மூவர் தொகுத்த புத்தகம் இன்னொரு பக்கத்திலிருந்து அதே கேள்வியை எழுப்பியது. ஐரிஷ் வீட்டில் மௌனத்துக்கு ஓர் அர்த்தம், இத்தாலிய வீட்டில் சத்தத்துக்கு ஓர் அர்த்தம். கவுன்சிலருக்கு இது தெரியாவிட்டால், நல்ல குடும்பத்துக்கே நோய் என்று சீட்டு எழுதிவிடுவார். பின்னால் வந்த பதிப்புகளில் இந்தியக் குடும்பங்களுக்கும் இடம் கிடைத்தது. பாட்டி மடியில் பேரன் வளர்வதை 'எல்லை மீறல்' என்று ஒருவர் குறித்துக்கொண்டால் நமக்கு எப்படியிருக்கும்?

குடும்பத்தைச் சரி செய்தால் ஏழ்மை போய்விடாது என்பதும் மினுசினுக்குப் புரிந்தது. 1981ல் நியூ யார்க்கில் சொந்தமாக ஒரு பயிற்சி மையம் தொடங்கியபிறகு, அவர் கவனம் அரசு அமைப்புகள் பக்கம் திரும்பியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்பு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்களே, அந்த அமைப்புகள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வீட்டையே கூறுபோட்டுவிடுகிறீர்களே என்று அதன் ஊழியர்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். 1998ல் மனைவி பாட்ரீசியாவோடும் ஹோர்கே கொலாபின்டோவோடும் சேர்ந்து அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தொண்ணூறு வயது தாண்டியும் எழுத்தும் பயிற்சியும் நிற்கவில்லை. 2017 அக்டோபர் 30ம் தேதி இறந்தபோது வயது 96.

வில்ட்விக் பள்ளி 1981லேயே மூடப்பட்டுவிட்டது. அந்தப் பத்து வயதுப் பையன் மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறான். அடுத்தமுறை ஒருவனைப் பார்த்து 'இவன் சரியில்லை' என்று சொல்ல வாய் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அவன் வீட்டில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கூடவே, அந்த வீட்டை எடைபோடுகிற நாம் எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எடைபோடுகிறோம் என்பதையும்.